இருபத்து நான்கு டிகிரி

பணிநாள் 611. நேரம் 09:20

தொலைநோக்கிக் கண்ணாடியின் வெப்பம் மைனஸ் 233. மறைதகடு சரியாக இருக்கிறது. கேபின் 24 டிகிரி. காப்பித்தூள் தீர்ந்து பதினோரு நாள் ஆகிறது, இது மட்டும் விதிப்படி எழுத வேண்டியதில்லை.

ஒவ்வொரு பதிவையும் கண்டெடுப்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே, கண்டெடுத்தவரே, வணக்கம். என் பெயர் குழல்வாய்மொழி. சொந்த ஊர் தென்காசி. கூப்பிட வாய் வலிக்கிறது என்று எல்லாரும் குழலி ஆக்கிவிட்டார்கள். சூரியனிலிருந்து நெப்டியூனைத் தாண்டி ஒரு தொலைநோக்கி மிதக்கிறது, அதற்கு ஒரே காவலாள் நான். பூமிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போய்ச் சேர ஐந்தரை மணி நேரம். பதில் வர இன்னொரு ஐந்தரை.

என் வேலை பழுப்புக் குள்ளன்களைத் தேடுவது. நட்சத்திரமாகப் பிறக்கப் போய், பற்றிக்கொள்ளாமல் பாதியில் நின்றுபோன வாயுப் பந்துகள் அவை. பக்கத்து நட்சத்திரங்களைச் சுற்றிக்கொண்டு மங்கலாகக் கிடக்கும். எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட்டைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் ஆளைப் பார்ப்பது மாதிரி, நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மறைதகட்டால் மறைத்துவிட்டுப் பக்கத்தில் என்ன மிச்சம் என்று பார்ப்பேன்.

இன்று பட்டியலில் 47ஆம் நட்சத்திரம். மறைத்தேன். ஒரு புள்ளி மிச்சம் இருந்தது. தொலைநோக்கியைச் சுழற்றியும் பார்த்தேன். கண்ணாடிக் கோளாறாக இருந்தால் புள்ளியும் கூடவே சுழலும். இது நின்ற இடத்திலேயே நின்றது. வெப்பம் 24 டிகிரி. பழுப்புக் குள்ளன்களில் இவ்வளவு குளிர்ந்தவை மிக அபூர்வம்.

சந்தோஷப்படவில்லை. மைதீனை எனக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தேடுகிறவர் தூங்கிவிடாமல் இருக்க, தரைக் குழுவில் ஒருவர் படங்களுக்குள் ரகசியமாகப் போலிப் புள்ளிகளைப் போட்டுவைப்பார். எங்கே போட்டார் என்று எழுதி, கவரில் வைத்து ஒட்டிவிடுவார். நான் கண்டதைச் சொன்ன பிறகு கவரைப் பிரிப்பார்கள். மேலப்பாளையத்து மைதீன் எட்டு வருடமாக எனக்குப் போலி போடுகிறான். ஒருமுறைகூட நான் ஏமாந்ததில்லை. என் கேபின் வெப்பத்தையே புள்ளிக்கும் கொடுத்திருக்கிறான், கிண்டலாம். பட்டியலில் “போலி” என்று குறித்து அனுப்பியாகிவிட்டது.

பணிநாள் 613. நேரம் 10:05

வந்த செய்தி, மைதீன்:
“ஏ குழலி, என்னத்தச் சொல்லுத? இந்தத் தடவ நான் ஒண்ணுமே போடல. கவர எல்லார் முன்னாடியும் பிரிச்சுக் காட்டிட்டேன், வெறும் வெள்ளப் பேப்பரு. போன வருசம் மாதிரி எங்களக் கோட்டி ஆக்கலாம்னு பாக்கியா? ஒரு தடவ பட்டது போதும் தாயி.”

போன வருடம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மைதீனைப் பழிவாங்க நானே இங்கிருந்து ஒரு போலியைப் போட்டு அனுப்பினேன். நான்கே நாளில் உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். ரசித்துக்கொண்டே இருந்ததில் மூன்று வாரம் ஓடிவிட்டது. அதற்குள் இயக்குநர் திலகவதி மேடம் ஒரு பெரிய சபையில் எழுந்து நின்று அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலை தவிர ஒரு சொல் பேசியதில்லை. தப்பு என்னுடையது.

ஆக, மைதீனும் போடவில்லை, நானும் போடவில்லை. “போலி” என்று குறித்ததை அடித்தேன். இப்போது சந்தோஷம்.

பணிநாள் 616. நேரம் 15:30

புள்ளி நட்சத்திரத்தை விட்டு அசையவில்லை. தொலைவில் இருக்கும் வேறு ஏதோ நட்சத்திரம் தற்செயலாகப் பக்கத்தில் தெரிந்தால் நாள்பட விலகிப்போகும். முன்னால் திரியும் வால்மீனோ கல்லோ ஆனால் ஒரே நாளில் விலகும். கூடவே இருந்தால்தான் துணை. நானும் தினமும் அளக்கிறேன், மயிரிழை மாற்றமில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு உறுத்தல், முதல் நாளைவிட இன்று கொஞ்சம் வெளிச்சம் கூடியிருக்கிறது.

இன்று காலை கேபின் ஹீட்டரின் பம்ப் நின்றுவிட்டது. சவத்து பம்ப், இதோடு மூன்றாவது தடவை. 12:40க்கு கேபின் 18க்கு இறங்கிவிட்டது. இரண்டு ஸ்வெட்டரோடு எழுதுகிறேன்.

பணிநாள் 617. நேரம் 11:10

08:40க்கு எடுத்த படத்திலிருந்து புள்ளியின் வெப்பம் 18.

வாய்விட்டுச் சிரித்தேன். இது குள்ளனுமில்லை, ஒன்றுமில்லை, என் கேபின் ஜன்னலின் சூடு எங்கேயோ பட்டுத் தெறித்துக் கண்ணாடியில் விழுகிறது. இந்த நிலையத்தில் வெளியே சூடு கசிகிற ஒரே இடம் அந்த ஜன்னல்தான். எட்டு வருட அனுபவம், என் ஜன்னலையே கண்டுபிடித்திருக்கிறேன்.

நேரம் 11:50

சிரிப்பு போய்விட்டது. கேபின் 18க்கு வந்தது நேற்று 12:40. புள்ளி 18க்கு வந்தது இன்று 08:40. நடுவே இருபது மணி நேரம். படம் இருபது நிமிடத்துக்கு ஒன்று எடுக்கப்படுகிறது, எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துவிட்டேன். தெறித்து விழும் வெளிச்சம் இருபது மணி நேரம் எங்கேயும் போய்த் தங்கிவிட்டு வராது.

போய்விட்டு வந்தால்தான் அவ்வளவு நேரம். என் ஜன்னலின் சூடு அதுவரை போக பத்து மணி, அது காட்டும் சூடு திரும்பி வர பத்து மணி.

பணிநாள் 621. நேரம் 16:00

பம்ப்பைச் சரிசெய்து, வேண்டுமென்றே 26 ஆக்கினேன். பதினைந்து மணி நேரம் கழித்து அதுவும் 26. மறுபடி 24 ஆக்கினேன், அதுவும் 24.

இருபது மணி பதினைந்து ஆகியிருக்கிறது. நாளுக்கு ஒன்றேகால் மணி குறைகிறது. சின்னப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டுவிடும், பூஜ்யத்துக்கு வரும் நாள் 633.

அசையவில்லை என்று துள்ளினேன் அல்லவா. சாலையில் நிற்கும்போது வருகிற பஸ் பக்கவாட்டில் நகர்ந்தால் அது உங்களைக் கடந்து போகும். இடம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே இருந்தால் உங்கள் மேல்தான் வருகிறது. இந்தச் சோதனையில் எது தேறும் என்று பாடம் நடத்தியவள் நான். நேராக வருவதும் தேறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அது என்ன என்று தெரியாது. என் ஜன்னலைப் பார்க்கிறது, பார்ப்பதைப் போலவே செய்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் ஜெபக்கனியை நினைத்து. எனக்கு மாற்றாக வரும் பெண், எங்கள் பக்கத்து நாசரேத்துக்காரி. தனியாகக் கப்பலில் வந்துகொண்டிருக்கிறாள், 635இல் இங்கே சேருவாள். 630, 14:00க்குள் கப்பலைத் திருப்பினால் இருக்கும் எரிபொருளில் வீட்டுக்குப் போய்விடலாம். அதைத் தாண்டினால் என் கிடங்கில் நிரப்பிக்கொண்டுதான் திரும்ப முடியும். என்னால் அவளிடம் பேச முடியாது, கப்பலின் ஆன்டெனா இப்போது பூமியைத்தான் பார்த்திருக்கிறது. பூமிதான் உத்தரவு போட வேண்டும்.

எல்லாப் படங்களையும் எல்லா நேரங்களையும் அனுப்பிவிட்டேன். கப்பலைத் திருப்புங்கள் என்று எழுதினேன்.

பணிநாள் 622. நேரம் 08:15

வந்த செய்தி, மைதீன்:
“குழலி, படத்த எல்லாம் பாத்தோம். அருமையா இருக்கு, அதுதான் பிரச்சன. நீ போட்ட போலின்னா எங்களால கண்டுபிடிக்கவே முடியாதுன்னு மேடம் சொல்லுதாவ. நீ அவ்வளவு நல்லா போடுவல்லா. கப்பலத் திருப்புறது என்ன வெளையாட்டா? எனக்காவது நெசத்தச் சொல்லு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

நெசத்தைத்தான் சொன்னேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பணிநாள் 625. நேரம் 13:40

இடைவெளி பத்து மணி. வெளிச்சம் பல மடங்கு.

ஜன்னலை மூட முடியுமா என்று பார்த்தேன். வெளிக் கதவின் கீல் பனிபோல இறுகிக் கிடக்கிறது. ஹீட்டரை 8 டிகிரிக்கு இறக்கிப் பார்த்தேன், விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். அதுவும் 8 ஆனது. திரும்ப 24.

அனுப்பிய செய்தி, நான்:
“மைதீன், கப்பல் திரும்பினா எனக்கு வேற கப்பல் வர இருபத்தாறு மாசம் ஆகும். சாப்பாடு ஒம்பது மாசத்துக்குத்தான் இருக்கு. இது ஒனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுதேன், ஜெபக்கனி இங்க வர வேண்டாம். போன வருசம் செஞ்சதுக்கு மேடத்துக்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கேன். அந்தப் புள்ளயத் திருப்பி விடுங்க.”

அனுப்பியபின் நெடுநேரம் அழுதேன். சாவதற்கு எனக்கு ஆசை கிடையாது. ஊருக்குப் போய் அருவியில் தலை கொடுத்து நிற்க வேண்டும் என்று அறுநூறு நாளாக நினைத்துக்கொண்டிருந்தவள்.

பணிநாள் 627. நேரம் 09:00

வந்த செய்தி, மைதீன்:
“கப்பலத் திருப்பச் சொல்லி உத்தரவு போட்டாச்சு. ரெண்டு நாளா பேச்சுவார்த்த. ஒன்ன நம்பித் திருப்பலன்னு மறைக்காமச் சொல்லிருதேன். தனியா இருந்து இருந்து ஒனக்கு மனசு சரியில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கோட்டி பிடிச்சவ இருக்க எடத்துக்கு இன்னொரு புள்ளய அனுப்பக் கூடாதுன்னு மேடம் முடிவு பண்ணிட்டாவ. ஒனக்குச் சாப்பாட்டுக்கு ஆளில்லாத சரக்குக் கப்பல் ஒண்ண அவசரமா தயார் பண்ணுதோம். நான் இருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.”

கோட்டி என்றால் கோட்டி. திருப்பினால் சரி.

பணிநாள் 630. நேரம் 14:30

திரும்பிவிட்டாள். எட்டு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து. கப்பல் திரும்பியபோது அதன் ஆன்டெனா சில நிமிடம் என் பக்கம் வந்தது. அறுநூற்று முப்பது நாளில் முதல்முறையாக, காத்திருக்காமல் ஒரு மனுஷியோடு பேசினேன்.

வந்த செய்தி, ஜெபக்கனி:
“அக்கா, கேக்குதா? ஏன்க்கா என்னைய வரவேண்டாம்னு சொன்னிய? ஒங்களுக்குக் காப்பித்தூளு கொண்டாந்தேன், ரெண்டு கிலோ. இங்கயே கெடக்கு. ஏசிய இருபத்திரெண்டுலதான் வச்சிருக்கேன், திட்டுறதுக்கு ஆளில்ல. கடுப்பா இருக்கு. ஒங்களுக்கு நெசமாவே ஒண்ணுமில்லைல்லா?”

பயிற்சி முகாமில் ஒரே அறையில் ஆறு மாதம் இருந்தோம். நான் 24 வைப்பேன், இவள் எழுந்து 22 ஆக்குவாள். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

அனுப்பிய செய்தி, நான்:
“எனக்கு ஒண்ணுமில்ல. காப்பிய நீயே குடி. திரும்பிப் பாக்காமப் போ.”

பணிநாள் 632. நேரம் 10:20

இடைவெளி ஒன்றேகால் மணியாக இருக்க வேண்டும். சோதிக்க மனமில்லை. கேபினை 24இலேயே விட்டுவிட்டேன், இரண்டு நாளாக எதையும் தொடவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதீர்கள்.

நேரம் 12:40

புள்ளி 22 ஆகியிருக்கிறது.

நான் எதையும் மாற்றவில்லை. பம்ப் ஓடுகிறது. கேபின் 24. இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன்.

பணிநாள் 633. நேரம் 11:00

புள்ளியைக் காணவில்லை. இருபத்திரண்டு நாளாக அசையாமல் இருந்த இடம் காலி. 47ஆம் நட்சத்திரம் தன்னந்தனியாக இருக்கிறது.

ஜன்னலிலும் ஒன்றுமில்லை. சத்தமில்லை. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. உயிரோடு இருக்கிறேன். போய்விட்டது. என்னைக் கடந்து எங்கேயோ போய்விட்டது. இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன், கணக்குப் பார்க்காமல்.

நேரம் 16:20

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தோன்றிவிட்டது. எழுத இவ்வளவு நேரம் பிடித்தது. 22 வைப்பது யார்?

பணிநாள் 634. நேரம் 08:30

தொலைநோக்கியைக் கப்பல் பக்கம் திருப்பினேன். என்ஜின் வெளிச்சத்தை நட்சத்திரத்தை மறைப்பது போல மறைத்தேன். பக்கத்தில் என்ன மிச்சம் என்று பார்த்தேன்.

கப்பல் ஜன்னல் தனி. அதற்குப் பின்னால் தள்ளி ஒரு புள்ளி. 22 டிகிரி.

நானே திருப்பி அனுப்பினேன். வீடு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. கப்பலுக்குத் தெரியும். இங்கேயே வரவிட்டிருந்தால் நாங்கள் இரண்டு பேரோடு போயிருக்கும்.

அனுப்பிய செய்தி, நான்:
“மைதீன், அது என்னைய விட்டுட்டு ஜெபக்கனி பின்னால போகுது. கப்பல மறைச்சு ஒரு படம் எடு. ஒன் கையால எடு. இது ஒண்ணு மட்டும் செய்.”

பணிநாள் 636. நேரம் 10:40

வந்த செய்தி, மைதீன்:
“எடுத்தேன் குழலி. மேடத்துக்கிட்ட கெஞ்சி நாலு மணி நேரம் வாங்கி, நானே ஒக்காந்து எடுத்தேன். கப்பல மறைச்சுப் பாத்தா சுத்தி ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு. ஒன் நிலையத்தையும் மறைச்சுப் பாத்துட்டேன், அங்கயும் இல்ல. நீ ஒருநாளும் தப்பா பாக்க மாட்டேன்னு நான்தான் எல்லார்ட்டயும் சண்ட போட்டேன். போதும்மா. டாக்டர் சொன்ன மாத்திரையப் போட்டுட்டுப் படு.”

அவன் மேல் கோபமில்லை. சரியாகத்தான் எடுத்திருக்கிறான். கப்பல் என்னைவிட்டுச் சற்று விலகிய பாதையில் திரும்பியது, இப்போதைக்கு நான் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறேன், அதனால் கப்பலும் புள்ளியும் தனித்தனியாகத் தெரிகின்றன. அவன் எதிரிலிருந்து பார்க்கிறான். கப்பல் நேராக அவனை நோக்கி வருகிறது, அது கப்பலுக்கு நேர் பின்னால் வருகிறது. கப்பலை மறைத்தால் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும். கப்பல் போய் இறங்கும்வரை எத்தனை முறை எடுத்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும்.

இதை எழுதி அனுப்பினேன். ஐந்து தடவை அனுப்பினேன்.

பணிநாள் 637. நேரம் 14:10

வந்த செய்தி, கட்டுப்பாட்டு அறை:
“உங்கள் நலன் கருதி கப்பல் தொடர்பான தகவல்கள் இனி உங்களுக்கு அனுப்பப்படமாட்டா. உங்கள் செய்திகள் மருத்துவரிடம் சேர்க்கப்படும். சரக்குக் கப்பல் புறப்படும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்.”

மைதீன் பெயரில்லை. யாருடைய பெயரும் இல்லை.

பணிநாள் 638. நேரம் 09:40

கண்டெடுப்பவரே, இனி உங்களிடம்தான் சொல்ல முடியும்.

இன்றும் கப்பலின் என்ஜினை மறைத்துப் பார்த்தேன். புள்ளி நெருங்கியிருக்கிறது, மறைதகட்டின் விளிம்பைத் தொடுகிறது. நாளைக்கு என் கண்ணுக்கும் தெரியாது. கப்பல் ஜன்னலையும் புள்ளியையும் தனித்தனியாக அளக்க முடிந்த கடைசி நாள் இதுதான்.

ஜெபக்கனிக்குக் குளிர்ந்திருக்கும் போல. அல்லது நான் திட்டுவேன் என்று நினைத்திருப்பாள், பாவம். ஜன்னல் 09:14க்கு 24 ஆனது.

புள்ளி 24 ஆனதும் 09:14க்கு.

அதற்கு முந்தைய படம் எடுத்தது 08:54க்கு. அதில் ஜன்னல் 22. புள்ளி 22. அடுத்ததில் இரண்டுமே 24. நடுவில் இடைவெளி என்று எழுத எதுவும் இல்லை, அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கப்பல் பூமியில் இறங்க பதினான்கு மாதம். என் சாப்பாடு ஒன்பது மாதத்துக்கு.

தேதியும் நேரமும் சரி. கண்ணாடி சரி. தொலைநோக்கியைச் சுழற்றிப் பார்த்துவிட்டேன், மூன்று முறை.

மைதீன், இதில் நான் எதுவும் போடவில்லை.